தொப்பையும் இரத்த அறிக்கையும்

(தங்காக்கில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இனிப்புநீரைப் பற்றிப் பேச்சு என்று அறிவித்தால் இனிப்புநீர் உள்ளவர்கள்தாம் முதலில் வராமல் இருப்பார்கள். எல்லாம் கேட்டுச் சலித்தவர்கள் அவர்கள். ஆகவே உபதேசத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தாளிலிருந்து தொடங்குகிறேன்.

அது ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை. யாருடையதும் அல்ல, இந்தப் பேச்சுக்காக நானே எழுதிக்கொண்டது. ஆண், வயது 44. உயரம் 168 செண்டிமீட்டர், எடை 70 கிலோ. வெறும் வயிற்றில் எடுத்த சீனி 6.4. மொத்தக் கொலஸ்ட்ரால் 4.9. கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல் 2.9. நல்ல கொழுப்பு எச்டிஎல் 0.8. டிரைகிளிசரைடு 2.6. எல்லாம் நம் நாட்டு மில்லிமோல் கணக்கு.

இந்தத் தாளோடு வீட்டுக்குப் போகிறவர் மனைவியிடம் என்ன சொல்வார்? "கொழுப்பு நார்மல்தான். சீனி கொஞ்சம் ஏறியிருக்காம், இன்னும் வியாதின்னு சொல்ல முடியாதாம்." அவர் பொய் சொல்லவில்லை. மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2க்குக் கீழேதான் இருக்கிறது. சீனி 7ஐத் தொடவில்லை. ஆளும் பார்க்கப் பெரிய குண்டு இல்லை. ஆனால் அந்தத் தாளில் இல்லாத எண் ஒன்று உண்டு. அவருடைய இடுப்பளவு 98 செண்டிமீட்டர். அதையும் பக்கத்தில் எழுதி, 0.8, 2.6, 6.4 மூன்றையும் அதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். இவர் வேறு வேறு நோய்களின் வாசலில் நிற்கவில்லை. ஒரே கோளாறு நான்கு இடத்தில் தலைகாட்டுகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் இதற்கான விளக்கம்.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம் என்று முதலில் அழுத்திச் சொன்னவர் பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக். ஆண்டு 1947. எடை மிகுந்தவர்களை அவர் இரண்டு வகையாகப் பிரித்தார். இடுப்புக்கு மேலே, வயிற்றிலும் தோளிலும் பருத்தவர்கள் ஒரு வகை. தொடையிலும் பிட்டத்திலும் பருத்தவர்கள் இன்னொரு வகை. சீனி வியாதியும் இரத்தக்குழாய் அடைப்பும் முதல் வகையினரையே தேடிப் போகின்றன என்று எழுதினார். போர் முடிந்து ஐரோப்பா ரொட்டிக்கே தவித்துக்கொண்டிருந்த காலம். பருமனைப் பற்றிய ஆராய்ச்சியை யார் படிப்பார்கள்? ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தக் கருத்து தூங்கியது.

அதே காலத்தில் நம் பக்கத்து ஊரிலேயே ஒரு பெரிய தடயம் கிடைத்தது. சிங்கப்பூரில் 1950களின் முதல் பாதியில் நடந்த பிணப் பரிசோதனைகளின் குறிப்புகளை எடுத்து, எந்த இனத்தாருக்கு இதயக்குழாய் அடைப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அந்த ஆய்வு 1959இல் வெளிவந்தது. ஒரே நகரத்தில் வாழ்ந்து மடிந்தவர்களில், சீனர்களைவிட இந்தியர்களுக்கு இந்த நோய் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அந்த ஆய்வைச் செய்தவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். பின்னர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்துக்கு முதல் தலைவராக வந்தவர். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதில்லை. சினிமா நடிகர்களின் பிறந்தநாள் தெரிந்த அளவுக்கு இது தெரிவதில்லை என்பது என் மனக்குறை; போகட்டும்.

காரணம் என்ன என்று நெய்யைச் சொன்னவர்கள் உண்டு, தேங்காயைச் சொன்னவர்கள் உண்டு. பதிலுக்குக் கிட்டத்தட்ட வந்தது 1991இல் லண்டனிலிருந்து. பால் மெக்கீக் என்பவரும் அவருடைய குழுவினரும் 40 முதல் 69 வயதுக்குட்பட்ட மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்தார்கள். தெற்காசியர்களில் 19 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஐரோப்பியர்களில் 4 விழுக்காடு. அந்தத் தெற்காசியர்களில் இந்துக்கள் உண்டு, சீக்கியர்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. சைவம் சாப்பிடுபவர்களும் மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களும் இருந்தார்கள். சாப்பாடு வேறு, சாமி வேறு. ஆனால் இரத்தத்தில் ஒரே மாதிரிக் கோலம். டிரைகிளிசரைடு அதிகம், எச்டிஎல் குறைவு, இன்சுலின் அதிகம். கூடவே, இடுப்புச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் அதிகம். எடை ஒன்றாக இருந்தாலும் நம்மவர்களுக்கு அது வயிற்றில் போய் உட்கார்ந்திருந்தது.

வயிறு என்று நான் சொல்லும்போது கையால் பிடித்துக் கிள்ள முடிகிற சதையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது தோலடிக் கொழுப்பு. அதற்கும் உள்ளே, வயிற்றுத் தசைச் சுவரைத் தாண்டி, குடலைப் போர்த்தியும் குடல் மடிப்புகளைத் தாங்கியும் கிடக்கிறது இன்னொன்று. ஆட்டுக் குடலைக் கழுவிச் சுத்தம் செய்தவர்கள் வெள்ளையாகச் சல்லடைத் துணி போல ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பைப் பார்த்திருப்பீர்கள். அதுதான். உயிரோடு இருக்கும் மனிதரிடம் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க ஸ்கேன் எந்திரம் வர வேண்டியிருந்தது. ஜப்பானில் ஒசாகாப் பல்கலைக்கழகத்து மட்சுசாவாவின் குழு 1980களில் தொப்புள் மட்டத்தில் ஒரு சிடி ஸ்கேன் வெட்டை எடுத்து, உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று சதுர செண்டிமீட்டரில் அளந்தது. உள்கொழுப்பு மிகுந்தவர்களுக்குச் சீனியும் டிரைகிளிசரைடும் மோசமாக இருந்தன. அப்புறம் அவர்கள் சுமோ மல்லர்களை அளந்தார்கள். மலை போன்ற உடம்பு. தினமும் மணிக்கணக்கில் பயிற்சி. ஸ்கேனில் பார்த்தால் பெரும்பாலான கொழுப்பு தோலுக்கு அடியில்தான். உள்ளே கொஞ்சம்தான். இரத்த எண்களும் பெரிய அளவில் கெட்டிருக்கவில்லை. நூற்றைம்பது கிலோ மல்லருக்கு இல்லாத கோளாறு நம் எழுபது கிலோ ஆளுக்கு இருக்கிறது என்றால், தராசு நமக்குச் சொல்வது மிகக் கொஞ்சம்.

இனி உடம்புக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

சாப்பிட்டதில் மிஞ்சுவதைக் கொழுப்பணுக்கள் டிரைகிளிசரைடாகச் சேமிக்கின்றன. பசி வேளையில் அதை உடைத்துக் கொழுப்பமிலமாக இரத்தத்தில் விடுகின்றன. எப்போது விடவேண்டும், எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்வது இன்சுலின். குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு இந்தக் கட்டளையை அவ்வளவாக மதிப்பதில்லை. அது விடுகிற கொழுப்பமிலம் போர்ட்டல் நாளம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் என்ன செய்யும்? வந்ததில் ஒரு பகுதியைத் தன்னுள்ளேயே தேக்கிக்கொள்கிறது. ஒரு பகுதியை மறுபடி டிரைகிளிசரைடாகக் கட்டி, விஎல்டிஎல் என்ற துகள்களில் ஏற்றி இரத்தத்துக்கு அனுப்புகிறது. அறிக்கையில் நாம் கண்ட 2.6 பெரும்பாலும் இந்தத் துகள்களின் சுமைதான்.

துகள்கள் பெருகினால் இரத்தத்தில் ஒரு பண்டமாற்று நடக்கிறது. விஎல்டிஎல் தன் டிரைகிளிசரைடை நல்ல கொழுப்புத் துகளுக்குக் கொடுத்து அதனிடமிருந்து கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கிறது. டிரைகிளிசரைடு ஏறிய எச்டிஎல் சுருங்கிச் சிறுத்து, சீக்கிரமே உடம்பிலிருந்து கழிந்துபோகிறது. அதனால்தான் 0.8. டிரைகிளிசரைடு ஏறுவதும் எச்டிஎல் இறங்குவதும் ஒரே கொடுக்கல் வாங்கலின் வரவும் செலவும். கெட்ட கொழுப்புத் துகள்களுக்கும் இதே கதிதான். அவை பொடிப்பொடியாக, அடர்த்தியாக மாறுகின்றன. மொத்தக் கொலஸ்ட்ரால் அளவு அப்படியே இருக்க, துகள்களின் எண்ணிக்கை மட்டும் கூடிவிடுகிறது. இரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைவது துகள். ஆகவே எண்ணிக்கைதான் ஆபத்து. 2.9 என்ற எல்டிஎல் நம் ஆளுக்குத் தந்த நிம்மதி அரை நிம்மதிதான்.

சீனிக்கு வருவோம். இராத்திரி நாம் தூங்கும்போது மூளைக்குச் சீனி வேண்டுமே என்று கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து விடுகிறது. போதும் என்று இன்சுலின் சொன்னால் நிறுத்தவேண்டும். கொழுப்பு தேங்கிய கல்லீரலுக்கு அந்தச் சொல் காதில் விழுவதில்லை. விடியும்வரை செய்துகொண்டே இருக்கிறது. "நேத்து ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலையே டாக்டர், எப்படிக் காலையில சீனி ஏறிச்சு?" என்று கேட்பார்களே, பதில் இதுதான். அந்தச் சீனி நீங்கள் சாப்பிட்டதல்ல, உங்கள் கல்லீரல் சமைத்தது. தசையிலும் இதே பிணக்கு. கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. சில ஆண்டுகள் முடிகிறது, பிறகு தளர்கிறது. 6.4 என்பது ஈடுகட்ட முடியாமல் போகத் தொடங்கிய இடம். அமெரிக்காவின் ஜெரால்ட் ரீவன் இன்சுலின், சீனி, டிரைகிளிசரைடு, எச்டிஎல் கோளாறுகளை ஒரு கட்டாகச் சேர்த்து 1988இல் 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரிட்டார். இன்று வளர்சிதை மாற்றக் கூட்டுக் குறைபாடு என்று பாடநூல்கள் சொல்கின்றன. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை.

இதுவரை சொன்னது சுத்தமான கதை. இத்தனை சுத்தமாக இருக்கும்போதே சந்தேகம் வரவேண்டும். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் மைக்கேல் ஜென்சன் குழு கொழுப்பமிலங்களுக்கு அடையாளமிட்டு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று அளந்தது. முடிவு 2004இல் வந்தது. கல்லீரலுக்குப் போகும் கொழுப்பமிலத்தில் குடல்சூழ் கொழுப்பின் பங்கு, பருமனானவர்களில்கூட, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். பெரும்பகுதி உடம்பின் மேற்பாதித் தோலடிக் கொழுப்பிலிருந்து வருகிறது. அப்படியானால் எல்லாப் பழியையும் உள்கொழுப்பின் மேல் போடுவது நியாயமா?

அதே 2004இல் இன்னொரு சோதனை. சாமுவேல் கிளைன் என்பவரின் குழு பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தது. ஆளுக்கு ஏறத்தாழ பத்து கிலோ! மூன்று மாதம் கழித்துச் சோதித்தார்கள். சீனியில் மாற்றமில்லை, டிரைகிளிசரைடில் மாற்றமில்லை, இன்சுலினுக்கு உடம்பு காது கொடுப்பதிலும் மாற்றமில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் லைப்போசக்‌ஷன் விளம்பரங்களைப் பார்த்து ஏங்குகிறவர்கள் இந்த 15 பேரை நினைத்துக்கொள்ளலாம். அழகுக்குச் செய்துகொள்வது அவரவர் விருப்பம், பணமும் அவரவர் பணம். சீனி அதனால் இறங்காது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. உடம்பில் கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் மிக அரிதாக இருக்கிறார்கள். எலும்பும் தசையுமாக, மெலிந்து, நரம்பு புடைத்து இருப்பார்கள். ஒரு துளி தொப்பை கிடையாது. அவர்களுக்குத்தான் மிகக் கடுமையான நீரிழிவு வருகிறது. டிரைகிளிசரைடு ஏறி இரத்தமே பால் போல வெளுக்கிறது. கல்லீரல் கொழுப்பால் வீங்குகிறது. சேமிக்க இடம் இல்லாததால் வந்த வினை. பயோகிளிட்டசோன் என்ற மாத்திரையும் இதையே காட்டுகிறது. அதைச் சாப்பிட்டால் எடை கூடுகிறது, சீனி இறங்குகிறது. தோலடியில் புதிய கொழுப்பணுக்களை வளர்த்து, கல்லீரலிலிருந்த சுமையை அங்கே மாற்றுகிறது.

தங்காக்கில் இருந்துகொண்டு இதை விளக்க வெளியே உவமை தேட வேண்டியதில்லை. உங்கள் ஊர்த் துணிக்கடைகளுக்குப் பல ஊர்களிலிருந்து ஆள் வருகிறார்கள். பெருநாள் நேரத்தில் சரக்கு வந்து இறங்கும். பின்னால் உள்ள கிடங்கு பெரிதாக இருந்தால் எவ்வளவு வந்தாலும் கடை ஒழுங்காக நடக்கும். கிடங்கு சிறியது என்றால் துணிக்கட்டுகள் படிக்கட்டுக்கு வரும், நடைக்கு வரும், கடைசியில் கல்லாப்பெட்டி மேலேயே ஏறும். தோலடிக் கொழுப்புதான் அந்தக் கிடங்கு. அது நிரம்பி வழிவது குடலைச் சுற்றியும், கல்லீரலுக்குள்ளும், தசைக்குள்ளும், கணையத்துக்குள்ளும் போகிறது. தொப்பை நோயை உண்டாக்குகிறதா, அல்லது வழிந்துவிட்டது என்பதற்கு அடையாளமா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பதே என் கட்சி. கல்லீரலில் சேர்வதுதான் பெரிய வில்லன். தொப்பை அதற்கு வெளியே தெரிகிற சாட்சி.

நமக்கு ஏன் கிடங்கு சிறியது? கனடாவின் ஆலன் ஸ்நைடர்மனும் மற்றவர்களும் 2007இல் தெற்காசியர்களுக்கு இதே விளக்கத்தைத்தான் முன்வைத்தார்கள்: நம்முடைய ஆழமற்ற தோலடிச் சேமிப்பு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. புனே நகரத்தின் யாக்னிக் இன்னும் பின்னே, தாயின் வயிற்றுக்கே போனார். புனே கிராமத்துக் குழந்தைகளின் பிறப்பு எடை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகள் எல்லாவற்றிலும் சிறியவை: தலை, கை, வயிற்று உறுப்புகள், தசை. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து பிறந்தும் கொழுத்துப் பிறந்த குழந்தைகள். அதே யாக்னிக், லண்டன் நண்பர் யுட்கினோடு சேர்ந்து எடுத்த ஒரு படம் 2004இல் லான்செட் இதழில் வந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. ஸ்கேன் செய்ததில் யுட்கினுக்கு உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. சட்டை போட்டு நின்றால் இரண்டு பேரும் ஒல்லிதான்.

இந்த உடம்போடுதான் நம் தாத்தா பாட்டிகள் இங்கே வந்தார்கள். விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு பால்மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டா வாளியில் ஸ்டோருக்குச் சுமந்தார்கள். தின்றது சோறும் கருவாடும் கீரையும். சேர்ந்தது எல்லாம் அன்றே எரிந்தது. கிடங்கு சிறியதா பெரியதா என்று சோதிக்க அந்த வாழ்க்கை வாய்ப்பே தரவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயம் போய்த் தாமான் வந்தது. பிள்ளைகள் பேக்டரி வேனில் ஏறி மலாக்காவுக்கும் மூவாருக்கும் போய் எட்டு மணி நேரம் நின்றோ உட்கார்ந்தோ வேலை செய்கிறார்கள். நைட் ஷிப்ட் வேறு. இதைச் சோம்பேறித்தனம் என்று மேடையில் திட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தலைமுறைக்குள் உழைப்பின் வடிவம் மாறியது. சோற்றின் அளவு மட்டும் மரம் வெட்டிய காலத்து அளவிலேயே நின்றுவிட்டது.

எண்களைச் சொல்லவேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டின் முதல் தேசியச் சுகாதார ஆய்வு 1986இல் நடந்தபோது நீரிழிவு 6.3 விழுக்காடு. 1996இல் 8.3. 2019இல் பெரியவர்களில் 18.3. 2023இல் 15.6 என்று சற்று இறங்கியிருக்கிறது. முதல் இரண்டு ஆய்வுகளில் வயது வரம்பு வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் போக்கு தெரிகிறது. 2019 ஆய்வில் இந்திய வம்சாவளியினருக்கு 31.4 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். தொப்பைக் கணக்கிலும் நாம்தான் முன்னே. நம் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவருக்கு இடுப்பளவு வரம்பைத் தாண்டியிருந்தது. தாய்நாட்டுக் கதையும் வேறில்லை. 2023இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வு 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்றது. சென்னை டாக்டர் மோகனின் நிறுவனம் அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது. அதில் பொதுவான பருமன் 28.6 விழுக்காடு, தொப்பைப் பருமன் 39.5. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். தராசில் தப்பித்து நாடாவில் மாட்டுகிறவர்கள் அந்த இடைவெளியில் இருக்கிறார்கள்.

நாடா என்றேன். இந்த ஊரில் எந்தத் தையல் கடையிலும் கிடைக்கும் மஞ்சள் நாடா போதும். ஆனால் பலர் தவறான இடத்தில் அளக்கிறார்கள். ஆண்கள் காற்சட்டை சைஸைச் சொல்வார்கள்: "முப்பத்து நாலு டாக்டர், இருபது வருஷமா அதே சைஸ்." இருக்கும். பெல்ட் இருபது வருஷமாகத் தொப்பைக்குக் கீழே கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. பெண்கள் பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டுவார்கள். அதுவும் சரியில்லை. சட்டையை விலக்கி நேராக நில்லுங்கள். விலா எலும்பின் கடைசி விளிம்பைப் பக்கவாட்டில் விரலால் தொட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தொடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், தோலை அமுக்கக் கூடாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டு, அந்த நிலையில் படியுங்கள். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது யாரை ஏமாற்ற? ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செண்டிமீட்டர் நமக்கான எல்லை.

பெண்களுக்கு ஒரு தனிச் சொல். மாதவிலக்கு நிற்கும்வரை கொழுப்பு பெரும்பாலும் தொடைக்கும் பிட்டத்துக்கும் போகிறது. அது ஓரளவு பாதுகாப்பான இடம். நின்றபின் வயிற்றுக்குத் திரும்புகிறது. ஐம்பது வயதில் எடை ஒரு கிலோகூடக் கூடாமல் இடுப்பு மட்டும் பெருக்கலாம். புடவை அதை நன்றாக மறைத்துக் கொடுக்கும். கருவுற்றிருந்தபோது சீனி இருந்தவர்கள் பிள்ளை பெற்றதும் மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஆண்டுதோறும் இரத்தம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சரி, எதைச் செய்தால் குறையும்? வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. தரையில் படுத்து எழும் பயிற்சியால் தசை இறுகும், அதன் மேலும் உள்ளும் கொழுப்பு அப்படியே இருக்கும். டிவியில் விற்கிற அதிர்வு பெல்ட்டைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். நல்ல செய்தி, மொத்தத்தில் எடை குறையத் தொடங்கினால் முதலில் காலியாவது கல்லீரலும் உள்வயிறும்தான். வேகநடை, சைக்கிள் போன்றவை, எடை அவ்வளவாக இறங்காவிட்டாலும், உள்கொழுப்பைக் குறைக்கின்றன. சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்திய தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. எல்லாரும் நம் அறிக்கைக்காரர் போல நோயின் விளிம்பில் நின்றவர்கள். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 39.3. இத்தனைக்கும் அவர்கள் எடை சொல்லும்படி குறையவில்லை. தராசு அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டில், நம் அறிக்கைக்காரர் போன்றவருக்கு எண்ணெயைவிட மாவும் சீனியும்தான் முதல் கேள்வி. டிரைகிளிசரைடு ஏறியிருக்கிறது என்றதும் முட்டையை நிறுத்துகிறார்கள். தே தாரிக் தொடர்கிறது. கிளாஸின் அடியில் படிந்திருக்கும் கெட்டிப்பாலைக் கரண்டியால் கிண்டிப் பாருங்கள். சீனியில் பாதி பிரக்டோஸ். அது பெரும்பாலும் கல்லீரலில்தான் போய்ச் சேர்கிறது, மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாறுகிறது. 2019 ஜூலை முதல் அரசாங்கம் டின்னிலும் பாட்டிலிலும் வரும் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. கடையில் ஆற்றிக் கொடுக்கிற தே தாரிக்குக்கு வரி இல்லை. அதற்கு வரி போடக்கூடியவர் நீங்கள்தான். 'குராங் மானிஸ்' என்று தொடங்கி 'தே ஓ கோசோங்'கில் போய் நிற்கலாம். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய், மீன், பருப்பால் நிரப்புங்கள். பீரும் சம்சுவும் டிரைகிளிசரைடை நேராக ஏற்றுபவை. வெள்ளிக்கிழமை இரவு குடித்துவிட்டுச் சனிக்கிழமை காலை இரத்தம் கொடுத்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. டிரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் வழக்கமான சூத்திரத்தில் கணக்கிடும் எல்டிஎல்லையும் நம்ப முடியாது.

ஏற்கெனவே நீரிழிவு வந்தவர்களுக்கும் கதவு மூடவில்லை. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் நடந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. நாளுக்கு ஏறத்தாழ 850 கலோரி தரும் திரவ உணவை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஓராண்டில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரையே இல்லாமல் சீனி நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தது. 15 கிலோ குறைத்தவர்களில் 86 விழுக்காடு. எல்லாரும் நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள். எடை திரும்பியவர்களுக்குச் சீனியும் திரும்பியது. இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு மறுநாளே சோற்றை நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் உண்டு. தங்காக் மருத்துவமனையோ பக்கத்துக் கிளினிக்கோ, எங்கே மருந்து வாங்குகிறீர்களோ அங்கே முதலில் சொல்லுங்கள். கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சீனி தாழ்ந்து மயக்கம் வரும், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் குறைவு. மற்றவர்களுக்கு, சாப்பாட்டைக் குறைக்கிற அன்றைக்கே மருந்தின் அளவையும் டாக்டர் திருத்த வேண்டியிருக்கும்.